டிக் கேட்காத வேலி

"ஏய் கரண்ட்டு! எங்கள சாவடிக்கவா வந்துகீற?"

எண்ணூரில் என்னிடம் பேசப்பட்ட முதல் வாக்கியம் இது. பேசியவள் தலையில் மீன்கூடையோடு மணலில் நின்றிருந்தாள். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவள். அதற்கு முன் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. நான் அப்போதுதான் ரயிலை விட்டிறங்கி, தோளில் கம்பிச் சுருளும் கையில் மரப்பெட்டியுமாகச் சவுக்குத் தோப்பைக் கடந்து வந்திருந்தேன். குதிரைப் பண்ணைக்கு மின்சார வேலி போடப்போகிறார்கள் என்ற செய்தி எனக்கு முன்பே குப்பத்துக்கு வந்து சேர்ந்திருந்தது.

"வேலி குதிரைக்குத்தான். உங்களுக்கு இல்லை" என்றேன்.

"அப்போ கம்பில எழுதி மாட்டு. குதிரைக்கு மட்டும்னு."

அவளோடு வந்த பெண்கள் சிரித்தார்கள். அவளைக் கூடைக்காரி என்று இங்கே குறிப்பிடுகிறேன். அவள் என்னைக் கடைசிவரை கரண்ட்டு என்றுதான் கூப்பிட்டாள்.

பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிகல் டிப்ளமா முடித்த அடுத்த ஆண்டு அது. ராயபுரத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, மோட்டாருக்குச் செம்புக் கம்பிச் சுருள், அதாவது காயில், கட்டும் பட்டறை ஒன்றில் சேர்ந்திருந்தேன். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். பட்டறை முதலாளி சர்ச்சில் ஞாயிறு பூசையின்போது அவருக்குப் பக்கத்தில் முழந்தாளிடுகிறவர். வேலை கிடைத்த வழி அதுதான். குதிரைப் பண்ணை வேலை வந்தபோது பட்டறையில் இருந்த ஆண்கள் யாரும் போகச் சம்மதிக்கவில்லை. அதனால் என்னை அனுப்பினார்கள்.

பண்ணை ரேஸ் குதிரை வைத்திருந்த ஒரு பணக்காரருடையது. காலில் அடிபட்டு ரேஸுக்கு உதவாமல் போன குதிரைகளையும், குட்டி ஈனும் பெண்குதிரைகளையும் கடலுக்கும் ரயில் பாதைக்கும் நடுவே உள்ள அந்த மணல்காட்டில் விட்டுவைத்திருந்தார். சுற்றிலும் முள்கம்பி. ஒருநாள் ஒரு செவலைப் பெண்குதிரை கூட்ஸ் வண்டியின் விசிலுக்கு மிரண்டு ஓடி, முள்கம்பியில் பாய்ந்து, நெஞ்சைக் கிழித்துக்கொண்டது. முதலாளி வெளிநாட்டில் எங்கோ மின்சார வேலி பார்த்தவர். முள்கம்பியை அகற்றி அதைப் போடச் சொல்லிவிட்டார். அவரை நான் பார்த்ததே இல்லை. நான் பார்த்தது மேனேஜரைத்தான்.

மேனேஜரை எனக்குப் பிடிக்காமல் போனதற்குக் காரணங்களை வரிசையாகச் சொல்லமுடியும். முதல் நாள் என்னைப் பார்த்ததும் என் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார். பிறகு, "இன்ஜினியரம்மா, ஸ்பேனர் பிடிக்கத் தெரியுமா, கரண்டி மட்டும்தானா?" என்று கேட்டார். நான் விளக்கும்போது என் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். விளக்கி முடித்ததும், விளக்கியதில் பாதியை எனக்கே திருப்பிச் சொன்னார், அதுவும் தப்பாக.

விளக்கியது இதுதான். மரப்பெட்டிக்குள் இருந்த கருவியை நானே பட்டறையில் செய்திருந்தேன். லாரி பேட்டரி ஒன்று, கார் இக்னிஷன் காயில் ஒன்று, அதைத் தட்டித் தட்டி விடும் ரிலே என்கிற ஸ்விட்ச் ஒன்று. பேட்டரியிலிருந்து வரும் மின்சாரத்தை அது ஒரு கணம் வேலிக் கம்பியில் உயர் அழுத்தத்தில் செலுத்திவிட்டு நிறுத்திவிடும். கொஞ்சம் கழித்து மறுபடி ஒரு கணம். ஒவ்வொரு தடவையும் 'டிக்' என்று சத்தம் வரும். அது ஓர் அறை மாதிரி. அறைந்துவிட்டு விலகிக்கொள்ளும். அந்த இடைவெளியில் குதிரை மூக்கை இழுத்துக்கொள்ளலாம், மனிதர் கையை எடுத்துக்கொள்ளலாம். வீட்டுக்கு வரும் மெயின் மின்சாரம் அப்படி விலகாது. தொட்ட கையைத் தசை இறுக்கிக் கம்பியோடு பூட்டிவிடும். உயிர் போகுமா போகாதா என்ற வேறுபாடு அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

"அதனால பம்ப் ரூம்லேர்ந்து ஒரு இஞ்ச் ஒயர்கூட வேலிப் பக்கம் வரக்கூடாது" என்று முடித்தேன்.

"குதிரைக்கு அறை. சரி" என்றார் மேனேஜர். "அறையறதுல பொம்பளைங்களுக்குக் கைராசி உண்டுதானே."

குதிரைகளைப் பார்த்துக்கொண்ட குதிரைக்காரர் புளியந்தோப்பிலிருந்து வந்தவர், முன்பு ஜட்கா ஓட்டியவர். அவருக்கு நான் வந்ததும் பிடிக்கவில்லை, பெட்டியும் பிடிக்கவில்லை. "அடிக்கணும்னா கையால அடி பொண்ணு. டப்பா வச்சு அடிக்கிறது இன்னா பொயப்பு?" என்றார். முள்கம்பி கிழித்த செவலையின் நெஞ்சைக் காட்டி, இதைவிட அது மேலா என்று கேட்டேன். சாணி அள்ளப் போய்விட்டார்.

சவுக்குக் கம்பங்கள் நட்டோம். கம்பத்துக்குக் கம்பம் பீங்கான் குமிழ்கள், அவற்றில் கம்பி. மெல்லிய கம்பி குதிரையின் கண்ணுக்குத் தெரியாது என்பதால் பழைய வெள்ளைத் துணியைக் கிழித்து அங்கங்கே கட்டினேன். லாயத்துக்கு முன்னால் ஈர மண்ணில் சோதித்தபோது வேலை செய்தது. மணலுக்குக் கொண்டுபோனதும் செவலை கம்பியை முகர்ந்து, முத்தமிட்டு, தலையைக் கம்பிக்கு அடியில் விட்டு வெளியே இருந்த கோரைப்புல்லைக் கடித்தது. காய்ந்த மணல் மின்சாரத்தைக் கடத்தாது. குதிரையின் வழியாகத் தரைக்குப் போனால்தான் அடி.

"டிக், டிக், டிக்" என்றார் மேனேஜர். "சுவர்க் கடிகாரம் மாட்டியிருந்தாலே போதும் போலிருக்கு."

ஈர மண் வரும்வரை ஓர் இரும்புக் குழாயை அடித்து இறக்கினேன். அதிலிருந்து இரண்டாவது கம்பி ஒன்றை முதல் கம்பிக்குக் கீழே ஒரு சாண் இடைவெளியில் வேலி முழுவதும் இழுத்தேன். இரண்டுக்கும் நடுவே தலையை நுழைக்கிற குதிரைக்கு மணல் தேவையில்லை. செவலை தலையை நுழைத்தது, டிக் என்றது, அது நான்கு காலிலும் எகிறிக் குதித்து லாயத்துக்கு ஓடியது. அதன் பிறகு வேலிப் பக்கமே வரவில்லை. மற்றவையும் ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டன. ஒரு வாரத்தில் ஒரு விஷயம் கவனித்தேன். குதிரைகள் கம்பியைத் தொட்டுப் பார்ப்பதில்லை. காதைத் திருப்பிக் கேட்கின்றன. டிக் சத்தம் கேட்டால் தூரத்திலேயே நின்றுவிடுகின்றன.

சண்டை வேலியின் கிழக்குப் பக்கத்தில் தொடங்கியது. அங்கேதான் குப்பத்துக்காரர்கள் வலை காயப்போடுவார்கள். பத்திரத்தில் அது பண்ணையின் நிலம். முள்கம்பிக் காலத்தில் கம்பி அந்த இடத்துக்கு இந்தப் பக்கம் இருந்தது, யாரும் எதுவும் கேட்கவில்லை. இப்போது மேனேஜர் பத்திரப்படி கம்பம் நடச் சொன்னார். வலை காயும் இடத்தை விட்டுவிடலாம், குதிரைக்கு அந்த வெறும் மணலால் ஒரு பயனும் இல்லை என்றேன்.

"உங்க வேலை கம்பி கட்டறது" என்றார்.

கட்டினேன். எனக்குக் குப்பத்தின் மேல் பெரிய பரிவு எதுவும் இல்லை. கம்பம் நடும்போது என் மேல் மீன்கழுவிய தண்ணீர் ஊற்றியிருந்தார்கள்.

கம்பி கட்டி முடித்த அன்று கூடைக்காரி ஒரு கூட்டத்தோடு வந்து நின்றாள்.

"கரண்ட்டு, இத்த தொட்டா செத்துப்புடுவோமா மாட்டோமா? நேரா சொல்லு."

"சாக மாட்டீங்க. சுரீர்னு இருக்கும். அவ்வளவுதான்."

"அப்போ நீ புடி. நாங்கோ பாக்கறோம்."

கையை நீட்டினேன். "இரு இரு, ரப்பர் செருப்ப போட்டுகினு யார டபாய்க்கிற? செருப்ப கய்ட்டு" என்றாள். கழற்றினேன். அவள் அலுமினியக் கூடையில் தேங்கியிருந்த மீன் தண்ணீரை என் பாதத்தில் சாய்த்தாள். காய்ந்த மணலில் நிற்கிறவளுக்கு உறைக்காது என்று யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. ஏமாற்ற இடம் விடக்கூடாது என்பது மட்டும் தெரிந்திருந்தது. நான் இன்னொரு படி மேலே போய் இரண்டு கையால் இரண்டு கம்பியையும் பிடித்தேன். டிக். முழங்கையில் சுத்தியலால் தட்டியது போல இருந்தது. டிக். முகத்தை மாற்றாமல் நின்றேன். கண்ணில் தண்ணீர் வருவதற்கு முன் விட்டேன்.

"அட, நிக்கிறா பாருடி" என்றாள் யாரோ.

கூடைக்காரி தானும் இரு கையிலும் ஒவ்வொரு விரலால் இரண்டு கம்பியையும் தொட்டாள். "யம்மா!" என்று கத்தி, கையை உதறி, பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். "சொம்மா தேள் கொட்டுன மாரி. இதுக்கா மெர்சலானோம்?"

அந்த அரை நிமிடத்தில் ஒரு பெரிய வேலையை முடித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு ரயில் ஏறினேன்.

அடுத்த நாள் முதல் அவர்கள் வலையை வேலியின் மேலேயே காயப்போட்டார்கள். வேண்டுமென்றேதான். டிக் சத்தத்துக்குக் காது கொடுத்து, அது முடிந்ததும் விசிறி எறிவார்கள். உப்புத் தண்ணீரில் ஊறிய வலை இரண்டு கம்பிகளையும் சேர்த்துவிடும். மின்சாரம் வலை வழியாகவே ஓடி முடிந்துவிடும். வேலி முழுவதும் செத்துப்போகும், பெட்டியின் சத்தமும் அமுங்கிக் குழறும். அப்படி ஒரு மத்தியானத்தில் செவலை காதைத் திருப்பிக் கேட்டுவிட்டு, மேற்குப் பக்கத்துக் கம்பியை நெஞ்சாலேயே தள்ளிக்கொண்டு வெளியே போனது. அதன் குட்டியும் பின்னால் போனது. குதிரைக்காரர் ரயில் பாதையின் கருங்கல் மேட்டில் வைத்து இரண்டையும் பிடித்தார். வண்டி எதுவும் வரவில்லை என்பது யாருடைய சாமர்த்தியமும் இல்லை.

அதற்கு மறுநாள் காலை நான் பண்ணைக்குள் நுழைந்தபோது டிக் கேட்கவில்லை.

பெட்டியிலிருந்து வேலிக்குப் போகும் ஒயர் கழற்றப்பட்டுத் தொங்கியது. வேலிக் கம்பியில் அதன் இடத்தில் புதிதாக ஒரு கறுப்பு ஒயர் முறுக்கியிருந்தது. அதைக் கண்ணால் தொடர்ந்துகொண்டே போனேன். கம்பத்துக்குக் கம்பம் சணலால் கட்டி, பம்ப் அறையின் ஜன்னல் வழியாக உள்ளே போயிருந்தது. உள்ளே ஒரு ஸ்விட்ச். அது அணைந்திருந்தது. மேனேஜர் வாசலில் நாற்காலி போட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"மத்தியானம் வலையோட வருவாளுங்க. அப்போ போடுவேன்" என்றார். "ஒருத்தி விழுந்தாப் போதும். அப்புறம் எவளும் வரமாட்டா."

"விழறவ எழுந்திருக்க மாட்டா."

"போர்டு எழுதி வைக்கிறேன். அபாயம்னு. மண்டை ஓடு போட்டு. சட்டப்படி போதும்."

"சட்டப்படி இது கொலை."

"இன்ஜினியரம்மா, உங்க டப்பாவை நம்பி குதிரை தண்டவாளத்துல நின்னுச்சு. அதுக்கு நான் பதில் சொன்னேன், நீங்க இல்ல. நம்ம குதிரைங்களுக்குக் கம்பின்னா பயம், கிட்ட வராது. வெளியிலேர்ந்து வர்றவளுக்குத்தான் பயமில்லை. அதையும் நீங்கதான் தெளிய வெச்சீங்க, கையால பிடிச்சுக் காட்டி."

அது உண்மை என்பதுதான் எரிச்சலாக இருந்தது.

குப்பத்துக்கு நடந்தேன். கூடைக்காரி வாசலில் வலையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தாள். இன்று வேலிப் பக்கம் வராதீர்கள், கம்பியில் மெயின் கரண்ட் கொடுத்திருக்கிறது, தொட்டால் செத்துவிடுவீர்கள் என்றேன்.

அவள் ஊசியை நிறுத்தவில்லை. "அன்னிக்கு சாவமாட்டேன்னு சொன்ன. இன்னிக்கு சாவேன்ற. இன்னாமே, வாயா அது?"

"அன்னிக்கு வேற மின்சாரம். இது வேற."

"கம்பி அதே கம்பிதானே?"

"கம்பி அதேதான்."

"டிக் கேக்குதா?"

"கேக்காது. கேக்காததுதான் ஆபத்து."

அவள் பக்கத்து வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "ஏய், இங்க வாயேன்! சத்தம் போட்டா தேளாம், சத்தம் போடலன்னா பாம்பாம்! மேனேஜரு சொல்லி அனுப்பிச்சுகீறாரு, இது ஒப்பிச்சுகினு கீது." பிறகு என்னிடம், "அன்னிக்கு நீயே புடிச்சுகினு நின்னல்ல? எங்க கண்ணால பாத்தோம். போமே" என்றாள்.

நான் கையால் செய்து காட்டியதை வாயால் திருப்பி எடுக்க முடியவில்லை. பண்ணைக்குத் திரும்பி வரும் வழியில் என்னால் செய்யக்கூடியவற்றை மனதில் வரிசையிட்டேன். கறுப்பு ஒயரை வெட்டலாம், அவர் மறுபடி முறுக்குவார். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகலாம், திரும்புவதற்குள் மத்தியானம் ஆகிவிடும். வேலிக்கு முன்னால் நின்று அவர்களைத் தடுக்கலாம், என்னைத் தள்ளிவிட்டுப் போவார்கள், அதுவும் கம்பியின் மேலேயே தள்ளுவார்கள். மீதி இருந்தது ஒன்றுதான்.

பம்ப் அறைக்குள் போனேன். மெயின் போர்டிலிருந்த மூன்று பியூஸ் கட்டைகளையும் பிடுங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். வெளியே வந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, வாசற்படியில் உட்கார்ந்தேன்.

பம்ப் நின்றது. தண்ணீர்த் தொட்டியில் விழுந்துகொண்டிருந்த சத்தமும் நின்றது. மேனேஜர் எழுந்து வந்தார்.

"எடுங்க அதை."

"வேலியை வலை காயற இடத்துக்கு உள்பக்கம் தள்ளுங்க. கறுப்பு ஒயரைக் கழட்டுங்க. அப்புறம் தர்றேன்."

"திருட்டுன்னு எழுதிக் கொடுப்பேன்."

"எழுதுங்க. எதுக்காக எடுத்தேன்னு நானும் எழுதறேன்."

அவர் என் குடும்பத்தைப் பற்றியும், படித்த பெண்களைப் பற்றியும், ராயபுரத்தைப் பற்றியும் சிலவற்றைச் சொன்னார். இங்கே எழுதத் தேவையில்லை. பிறகு குதிரைக்காரரைக் கூப்பிட்டு, கிணற்றிலிருந்து வாளியால் இறைக்கச் சொன்னார்.

குதிரைக்காரர் தொட்டியையும் குதிரைகளையும் பார்த்தார். "இத்தினி உருப்படிக்கு வாளில எறைக்கறதா? நம்பளால ஆவாது சாப். நீங்கோ ஒரு கை குடுங்கோ."

மே மாதத்து வெயில். குதிரைகள் தொட்டியில் மிச்சமிருந்ததைக் குடித்து முடித்தன. அடிக் கல்லை நக்கின. பிறகு பண்ணை முழுவதும் அலைய ஆரம்பித்தன. குதிரைகளைத் தாகத்தில் நிறுத்துவது எனக்கும் சுலபமாக இல்லை. ஆனால் நான் எழுந்திருக்கவில்லை.

செவலைதான் முதலில் நின்றது. வேலிக்குக் கொஞ்ச தூரத்தில் நின்று காதை முன்னால் திருப்பியது. கேட்டது. மறுபடி கேட்டது. டிக் இல்லை.

நேராக வேலிக்கு நடந்து போய், தழும்பு விழுந்த நெஞ்சை மேல் கம்பியில் சாய்த்து, கழுத்தை நீட்டி, வெளியே இருந்த கோரையைக் கடித்தது. குட்டி வந்து இரண்டு கம்பிக்கும் நடுவே மூக்கை விட்டது. அதைப் பார்த்துவிட்டு மற்றக் குதிரைகளும் வந்து வரிசையாக வேலியில் சாய்ந்து மேய ஆரம்பித்தன. பண்ணையின் பாதிக் குதிரைகள் ஒரே கம்பியில் சாய்ந்திருந்தன. அந்தக் கம்பியின் மறுமுனை மேனேஜருக்குப் பின்னால் ஸ்விட்சில் இருந்தது.

மேனேஜர் அதைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"மெயின் கரண்ட் டிக்னு சொல்லாது" என்றேன். "சத்தம் இல்லேன்னா வேலி செத்துப்போச்சுன்னு இதுங்க கத்துக்கிட்டிருக்கு. வெளியில இருக்கறவங்களும் அப்படித்தான் கத்துக்கிட்டிருக்காங்க. ரெண்டு கம்பியிலயும் பட்டா தப்பாது, கால்ல இரும்பு லாடம் வேற. மனுஷனுக்கு முன்னாடி குதிரை விழும்."

குதிரைக்காரர் வாளியைக் கீழே வைத்தார். ஸ்விட்சைப் பார்த்தார், குட்டியைப் பார்த்தார். அதுவரை கறுப்பு ஒயர் எதற்கென்று அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை என்று அவர் முகத்திலிருந்து தெரிந்தது.

"சாப், இத்த போடறதா இருந்தியா?" மரியாதை போய்விட்டிருந்தது. "என் கொயந்தைங்க மேலயா?"

மேனேஜர் என்னைத் தாண்டிப் படி ஏறினார். உள்ளே போய்க் கறுப்பு ஒயரை ஸ்விட்சிலிருந்து பிடுங்கினார். திரும்பி வந்து கையை நீட்டினார். "கட்டையைக் கொடு."

"வேலி?"

"தள்ளிக்கோ."

அவர் முகத்தில் வருத்தம் எதுவும் இல்லை. குப்பத்துப் பெண்களைப் பற்றி அவர் அப்போதும் நினைக்கவில்லை என்பது எனக்கு நிச்சயம். முதலாளியின் குதிரைகளுக்கு என்ன பதில் சொல்வது என்பதுதான் அவரை நகர்த்தியது. எனக்கு அது போதும். கட்டைகளை நானே போர்டில் செருகினேன், அவரிடம் கொடுக்கவில்லை. பம்ப் ஓடியது. குதிரைகள் தண்ணீர்ச் சத்தத்துக்குத் திரும்பின. அவை வேலியை விட்டதும் முதல் வேலையாகப் பெட்டியின் ஒயரைக் கம்பியில் மாட்டினேன்.

டிக்.

கிழக்குப் பக்கத்துக் கம்பங்களைப் பிடுங்கி உள்ளே நட இரண்டு ஆட்கள் வந்தார்கள். குதிரைக்காரரும் கேட்காமலே வந்து கடப்பாரை பிடித்தார். கம்பி இழுத்துக்கொண்டிருக்கும்போது பெண்கள் வலையோடு வந்தார்கள். வேலி இருந்த இடத்தில் வெறும் குழிகள் இருப்பதைப் பார்த்து நின்றார்கள்.

கூடைக்காரி ஒரு குழியைக் காலால் மூடினாள். "பாத்தியா? சாவடிக்கறேன்னு சொன்ன, இப்ப நீயே பின்னால போற. ஒயுங்கா மொதல்லியே போயிருந்தா எங்க வலை கம்பில கிழிஞ்சிருக்குமா?"

வெற்றி அவர்களுடையதாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். வலைகளை மணலில் விரித்தார்கள். யாரும் கம்பியில் போடவில்லை, போட வேண்டிய காரணம் இனி இல்லை.

மேனேஜர் பட்டறைக்குப் போன் செய்து, அடுத்த தடவை ஆம்பளையாகப் பார்த்து அனுப்பும்படி சொல்லியிருந்தார். பட்டறை முதலாளி அதை ஞாயிறு பூசை முடிந்து அப்பாவிடம் சொன்னார். அப்பா என்னிடம் சொன்னார். அடுத்த தடவை என்று ஒன்று வரவே இல்லை, பேட்டரி மாற்ற மட்டும் ஒருவர் போய்வந்தார். வேலி டிக் டிக்கென்று ஓடிக்கொண்டிருப்பதாகவும், குதிரைகள் உள்ளேயே இருப்பதாகவும் அவர் சொன்னார்.

வேலியைத் தள்ளி நட்ட அன்று சாயங்காலம் எண்ணூரில் ரயில் ஏறினேன். பெண்கள் பெட்டியில் கூடைக்காரி உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் ஓர் இடம் இருந்தது, அதில் அவளுடைய கூடை இருந்தது. நான் கூடையைப் பார்த்தேன். அவளும் கூடையைப் பார்த்தாள், பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ராயபுரம்வரை நின்றுகொண்டே போனேன்.